லேண்ட் ரோவர் பாடி, ரேஞ்ச் ரோவர் சேஸி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில். லேண்ட் ரோவர் பிறந்து வளர்ந்த சோலிஹல் இந்தப் பக்கம்தான். வாரக்கடைசியில் பழைய லேண்ட் ரோவர்களைக் கழற்றி மாட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இங்கே "ஹைப்ரிட்" என்று ஒரு வகை வண்டி உண்டு. பேட்டரி வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். சீரிஸ் ஒன், டூ, த்ரீ என்று வரிசையாக வந்த பழைய லேண்ட் ரோவரின் பாடியை, அதே கம்பெனியின் ரேஞ்ச் ரோவர் அல்லது டிஸ்கவரியின் சேஸி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல் ஏற்றியதற்கு அந்தப் பெயர். இதைப் பற்றி இங்குள்ள தமிழ் நண்பர்களும், கோவை, குன்னூர்ப் பக்கமிருந்து பேசும் ஜீப் பிரியர்களும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாடியைத் தனியா தூக்கி வேற சேஸியில வைக்கிறதுன்னா என்னங்க? எல்லா காருக்கும் செய்யலாமா?

எல்லாக் காருக்கும் முடியாது. இன்று தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களில் தனி சேஸி என்று ஒன்று கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். எஞ்சினும் சஸ்பென்ஷனும் அந்தக் கூட்டிலேயே தொங்கும். அதைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது தகடுதான்.

பழைய ஜீப், லேண்ட் ரோவர், லாரி போன்றவை வேறு மாதிரி. கீழே ஏணி போல இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாம் அதில் மாட்டியிருக்கும். பாடி இல்லாமலே வண்டி ஓடும். பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றினால் பாடி வேறு, வண்டி வேறு. இந்த அமைப்பு இருந்தால்தான் இந்தப் பேச்சே.

லேண்ட் ரோவருக்கு அதோட சொந்த சேஸி இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?

எல்லாம் துருவின் வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் லேண்ட் ரோவரின் வெளித் தகடுகளைப் பெரும்பாலும் பிர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேஸி மட்டும் சாதாரண இரும்பு. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு நீர் சேஸிக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். நாற்பது, ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தால் மேலே தகடு நன்றாக நிற்கும், கீழே பின் குறுக்குச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும்.

ரேஞ்ச் ரோவரிலும் முதல் தலைமுறை டிஸ்கவரியிலும் கதை தலைகீழ். சேஸி கனமானது, ஓரளவு தாக்குப்பிடிக்கும். மேலே பாடியின் எலும்புக்கூடு இரும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில், உள் மட்கார்டு, டிக்கித் தரை என்று அதுதான் முதலில் உதிரும். பாடி செத்து சேஸி பிழைத்த வண்டி ஒன்று, சேஸி செத்து பாடி பிழைத்த வண்டி ஒன்று. இரண்டும் ஒரே பண்ணைக் கொட்டகையில் கிடந்தால் யாருக்கும் இந்த யோசனை வரும்.

இன்னொரு காரணம் சவாரி. சீரிஸ் வண்டியில் நான்கு மூலையிலும் பட்டை ஸ்ப்ரிங். ரேஞ்ச் ரோவரில் நான்கு மூலையிலும் சுருள் ஸ்ப்ரிங். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் தூரமும் சுருளில் அதிகம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ரேஞ்ச் ரோவர் சேஸியையே ஏன் எல்லாரும் சொல்றாங்க? வேற எதுவும் ஆகாதா?

ஆகும். ஆனால் இதில்தான் தலைவலி குறைவு. ரேஞ்ச் ரோவர் 1970ல் வந்தது. வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, 100 இன்ச். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு, நான்கிலும் டிஸ்க் பிரேக், 3.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின். 1989ல் வந்த முதல் டிஸ்கவரியும் அதே 100 இன்ச், ஏறக்குறைய அதே அடிப்பகுதி. இரண்டும் ஏராளமாக விற்றதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றும் உண்டு. கம்பெனியே இதைச் செய்துவிட்டது. 1983ல் வந்த ஒன் டென், 1984ல் வந்த நைன்டி, பிறகு டிஃபெண்டர் என்று பெயர் மாறி 2016 ஜனவரி வரை ஓடிய அந்தக் குடும்பம் முழுவதையும் பாருங்கள். மேலே சீரிஸ் வண்டியின் தோற்றம், கீழே ரேஞ்ச் ரோவர் வழியில் வந்த சுருள் ஸ்ப்ரிங், ஆக்ஸில். அதனால் ஹைப்ரிட் கட்டும்போது நடுவே இணைப்பாக எந்தப் பாகம் தேவைப்பட்டாலும் முதலில் டிஃபெண்டர் உதிரிப் பட்டியலில் தேடுங்கள். பாதி விஷயத்துக்குக் கம்பெனியே விடை வைத்திருக்கும்.

அசல் வண்டியைக் கெடுக்கிறீங்கன்னு திட்டுறாங்களே?

எந்த வண்டி என்பதைப் பொறுத்து அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1948லிருந்து 1958 வரை வந்த சீரிஸ் ஒன் வண்டிகளைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. எஞ்சின், சேஸி, பாடி எல்லாம் பிறந்தபோது இருந்தபடி சேர்ந்தே இருக்கும் சீரிஸ் டூவையும் விட்டுவிடுங்கள். அவற்றின் சேஸி போயிருந்தால் அதே அளவில், அதே அமைப்பில் துத்தநாகம் பூசிய புது சேஸி இங்கே செய்து தருகிறார்கள். அதை வாங்கிப் போட்டால் வண்டி இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும்.

ஹைப்ரிட்டுக்கு உகந்தது ஏற்கெனவே அரைகுறையாகப் பிரிக்கப்பட்டு, எஞ்சின் காணாமல் போய், சேஸி இற்று, தகடு மட்டும் மிஞ்சிய சீரிஸ் டூஏ அல்லது த்ரீ. அதற்கு வேறு எதிர்காலம் இல்லை.

திட்டுபவர்களுக்கு ஒரு தகவல். 1947ல் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிய முதல் மாதிரி வண்டியே அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் சேஸியிலும் ஆக்ஸிலிலும் கட்டியதுதான். எஞ்சின் ரோவருடையது, ஸ்டியரிங் நடுவில். லேண்ட் ரோவரின் முதல் மூச்சே இன்னொருவர் சேஸி மேல் விட்டது.

88 இன்ச் பாடி, 100 இன்ச் சேஸி. 12 இன்ச் இடிக்குமே?

இடிக்கும். பலர் வண்டி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். சீரிஸ் வண்டியில் குட்டை 88 இன்ச், நெட்டை 109 இன்ச். இரண்டிலும் முன்பாதி ஒன்றேதான். முன் மட்கார்டு, பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தடுப்பு), முன் கதவு வரை மாற்றமில்லை. வித்தியாசம் முழுவதும் பின்தொட்டியில், அதாவது முன் சீட்டுக்குப் பின்னால் வரும் பெட்டியில்.

ஆகவே முன் சக்கரத்தை முன் மட்கார்டின் வளைவுக்கு நேராக வைத்துப் பாடியை உட்கார வைத்தால், பின் சக்கரம் குட்டை வண்டியின் வளைவுக்கு 12 இன்ச் பின்னால் போய் நிற்கும், நெட்டை வண்டியின் வளைவுக்கு 9 இன்ச் முன்னால் வந்து நிற்கும். குட்டைத் தொட்டியில் சக்கர வளைவுக்கு முன்னால் 12 இன்ச் சேர்க்கலாம், அல்லது நெட்டைத் தொட்டியில் அதே இடத்தில் 9 இன்ச் எடுக்கலாம். நான் யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். அலுமினியத் தகட்டைச் சேர்த்து நீட்டுவதைவிட வெட்டிச் சேர்ப்பது சுத்தமாக வரும். அதோடு நெட்டைத் தொட்டியின் வால் பகுதி நீளமானது. ரேஞ்ச் ரோவர் சேஸியும் பின் சக்கரத்துக்குப் பின்னால் கொஞ்சம் நீளமாகவே ஓடும். நெட்டைத் தொட்டி அதை மறைத்துக்கொள்ளும். குட்டைத் தொட்டி போட்டால் சேஸி வெளியே துருத்தும், அதை அறுக்கக் கை பரபரக்கும்.

வெட்டிய தொட்டியைச் சேர்க்க அலுமினிய வெல்டிங் தெரிந்த ஆள் இல்லையென்றால் கவலை வேண்டாம். உள்பக்கம் ஒரு பட்டைத் தகடு வைத்து ரிவெட் அடித்தாலும் போதும். கம்பெனியே இந்த பாடியில் பல இடங்களில் ரிவெட்டும் போல்ட்டும் போட்டுத்தான் சேர்த்தது. அதனால் பார்வைக்கும் ஒட்டாமல் தெரியாது.

பாடியை ஏன் வெட்டணும்? சேஸியை 12 இன்ச் குறைச்சிட்டா வேலை முடிஞ்சிடுமே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். என் பதில்: செய்யாதீர்கள். தொட்டித் தகட்டில் செய்த இணைப்பு விட்டுப்போனால் மழைத் தண்ணீர் ஒழுகும். சேஸியில் செய்த இணைப்பு விட்டுப்போனால் வண்டி நடுவில் மடியும். சேஸி முறுக்கத்தையும் வளைவையும் சேர்த்துத் தாங்குகிறது. காட்டுப் பாதையில் ஒரு முன் சக்கரமும் எதிர்மூலையின் பின் சக்கரமும் மேட்டில் ஏறும்போது அந்த முறுக்கு முழுவதும் வெல்டிங் கோட்டில் வந்து உட்காரும்.

நன்றாக வெல்டிங் செய்யத் தெரிந்தவருக்கும் வேலை அதோடு முடியாது. நீள்சட்டம் மிலிமீட்டர் பிசகினாலும் வண்டி நண்டு மாதிரி ஒருபக்கமாக நகரும். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஓடும் ப்ரொபல்லர் ஷாஃப்டைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அதன் சாய்வு கூடும், அதிர்வு வரும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். பின் ஆக்ஸிலை முன்னும் பின்னும் பிடித்திருக்கும் கைகளின் மவுண்ட்டும் இடம் மாறும். இதற்கெல்லாம் மேல் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை நம்பர் பிளேட் கேள்வியில் சொல்கிறேன்.

ஏத்தி வெச்சதும் டயர் ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு நிக்குது. இது சரியா?

சரிதான், அப்படித்தான் இருக்கும். சீரிஸ் டூ, த்ரீ வண்டிகளில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 51.5 இன்ச். ரேஞ்ச் ரோவரில் 58.5 இன்ச். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை இன்ச் வெளியே வரும். டயரின் மேல்பகுதி பாடியால் மூடப்படாமல் இருந்தால் இங்கே எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையில் கேள்வி வரலாம், பின்னால் வருபவர் கண்ணாடியில் கல்லும் அடிக்கும்.

டிஃபெண்டரின் மட்கார்டில் கறுப்பாகப் புருவம் மாதிரி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனிக்கும் இதே மூன்றரை இன்ச் பிரச்சினைதான், அதற்கு அவர்கள் கண்ட வழி அந்தப் புருவம். அதையே வாங்கி மாட்டுங்கள். வளைவைச் சற்று மேலே வெட்டி விட்டால் சுருள் ஸ்ப்ரிங் முழுவதும் அமுங்கும்போதும் டயர் உரசாது.

பாடியைக் கழட்ட எங்க ஆரம்பிக்கணும்? ஒரே ஆளா முடியுமா?

பெரும்பாலான வேலையை ஒரே ஆளாகச் செய்யலாம். இந்த வண்டியின் அழகே அதுதான். பானெட், கதவு, கூரை, முன் மட்கார்டுகள், ரேடியேட்டர் சட்டம், சீட்டுப் பெட்டி, பின்தொட்டி என்று ஒவ்வொன்றாக வரும். தொட்டியும் கூரையும் தூக்க மட்டும் ஆள் வேண்டும். பல்க்ஹெட் கடைசி.

போல்ட் வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்காக வருத்தப்படாதீர்கள், எப்படியும் புதுசுதான் போடப் போகிறோம். நீங்கள் கவலைப்பட வேண்டியது பல்க்ஹெட் பற்றி மட்டும். பாடியில் அது ஒன்றுதான் முக்கியமான இரும்புப் பாகம். அதன் கால்பகுதியும் கதவுத் தூணின் அடியும் துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கோணல் பல்க்ஹெட்டை வைத்துக்கொண்டு வண்டி கட்ட ஆரம்பித்தால் கதவு கடைசி வரை சேராது.

சேஸி மேல மவுண்ட் எந்த இடத்துல வெக்கிறது? அளவு யார்கிட்டயாவது கிடைக்குமா?

அளவு கேட்காதீர்கள். அடுத்தவர் அளவு உங்கள் வண்டிக்குச் சரியாக வராது. எஞ்சின் எது, கியர் பாக்ஸ் எது, பல்க்ஹெட் எந்த வருடத்தது என்பதெல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும். அளவை எடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

சேஸியை எஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரத்தோடு முழு எடையில் சமதரையில் நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்து முன்னும் பின்னும் சரிபாருங்கள். ஆக்ஸில் மையங்களிலிருந்து தூக்குக் குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். அப்புறம் பல்க்ஹெட்டைக் கட்டைகள் மேல் நிறுத்துங்கள். வி8 எஞ்சினின் பின்புறமும் ஸ்டியரிங் ஷாஃப்டும் எங்கே வருகின்றன என்று பார்த்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதே நேரம் முன் மட்கார்டைக் கையால் பிடித்துச் சக்கரம் வளைவின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவரும் இடம் கிடைத்ததும் மவுண்ட்டுக்கு டேக் மட்டும் (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டிங்) வையுங்கள். முழு வெல்டிங் இப்போது வேண்டாம்.

அடுத்து கதவை பல்க்ஹெட்டில் தொங்க விடுங்கள். கதவைச் சுற்றித்தான் மீதி வண்டியைக் கட்ட வேண்டும். பின்தொட்டியைக் கதவின் பின்விளிம்புக்குக் கொண்டுவந்து, மேலிருந்து கீழ் வரை இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று ஒரு மரச்சில்லை விட்டு ஓட்டிப் பாருங்கள். மேலே இறுகிக் கீழே தளர்ந்தால் தொட்டியின் முன்பக்கம் இறங்கியிருக்கிறது, அல்லது பல்க்ஹெட் சாய்ந்திருக்கிறது. மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு கதவும் விரலால் தள்ளினால் மூடும் நிலை வந்த பிறகு பாடியை இறக்கிவிட்டு முழு வேலையையும் முடியுங்கள். மவுண்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் வைக்க மறக்க வேண்டாம்.

முடிந்தவரை மவுண்ட்டைச் சேஸியின் நீள்சட்டத்தில் வெல்டிங் செய்யாமல், ரேஞ்ச் ரோவர் பாடி உட்கார்ந்திருந்த பழைய மவுண்ட்களில் போல்ட் போட்டுப் பிடிக்கும் பிராக்கெட்டாகச் செய்யுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான். பின்னால் காகித வேலையில் அந்த உழைப்பு உங்களைக் காப்பாற்றும்.

ஸ்டியரிங் எப்படிச் சேரும்? ரெண்டுலயும் அமைப்பே வேற மாதிரி இருக்கே?

சீரிஸ் வண்டியின் ஸ்டியரிங் அமைப்பை மறந்துவிடுங்கள். ரேஞ்ச் ரோவரின் ஸ்டியரிங் பாக்ஸ் அதன் சேஸியிலேயே இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். மேலேயிருந்து வரும் தண்டை அதோடு சேர்ப்பதுதான் வேலை. டிஃபெண்டர் ஸ்டியரிங் காலமும் அதன் ஜாயின்ட் வைத்த ஷாஃப்டும் இதற்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஷாஃப்டில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். இரண்டின் கவைகளும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் இருக்க வேண்டும். தவறினால் ஸ்டியரிங் ஒரு இடத்தில் லேசாகவும் இன்னொரு இடத்தில் கனமாகவும் திரும்பும். எந்தச் சூழ்நிலையிலும் ஸ்டியரிங் ஷாஃப்டை வெட்டி வெல்டிங் செய்யாதீர்கள். நீளம் பற்றாவிட்டால் சரியான நீளத்தில் ஷாஃப்ட் தேடுங்கள், கிடைக்கும் வரை வண்டி நிற்கட்டும்.

பிரேக்?

ரேஞ்ச் ரோவருடையதை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். பெடல், சர்வோ, மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க் எல்லாம் ஒரே குடும்பமாக வர வேண்டும். சீரிஸ் டிரம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க் பிரேக்கோடு இணைப்பதெல்லாம் கூடவே கூடாது.

வி8 நல்லதா, டீசல் நல்லதா? கியர் லிவர் சீட்டுக்கு அடியில போகுதே?

டிஸ்கவரியோடு வந்த 200டிடிஐ டீசலைத்தான் நான் சொல்வேன். 2.5 லிட்டர், நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் டர்போ டீசல், மின்னணு மூளை எதுவும் இல்லை. வி8 சத்தம் இனிமையானது, எரிபொருள் செலவு இனிமையானது இல்லை. எதுவானாலும் முன்னால் ரேடியேட்டர் வைக்க இடம் பற்றாது. சீரிஸ் வண்டியின் முகம் மட்கார்டுகளுக்கு நடுவே உள்ளடங்கி இருக்கும். 1979ல் கம்பெனி 109 இன்ச் வண்டியில் வி8 வைத்தபோது, இடத்துக்காக அந்த முகத்தை மட்கார்டுக்குச் சமமாக முன்னால் தள்ளியது. நீங்களும் பெரும்பாலும் அதையே செய்ய வேண்டி வரும்.

கியர் லிவர் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் வராது. சீட்டுப் பெட்டியின் நடுத்தகட்டை வெட்டி, கியர் பாக்ஸை மூடும் டிஃபெண்டரின் சுரங்கத் தகட்டை மாட்டுவது நேர்வழி. ஆக்ஸிலையும் மாற்றிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சீரிஸ் வண்டியில் கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) விகிதம் 4.7, ரேஞ்ச் ரோவரில் 3.54. ரேஞ்ச் ரோவர் எஞ்சினும் கியர் பாக்ஸும் அதன் ஆக்ஸிலோடு பொருந்துவதற்காகவே பிறந்தவை. ஸ்பீடோமீட்டரை மட்டும் அந்த கியர் பாக்ஸுக்கு ஏற்றதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சீரிஸ் மீட்டரை அப்படியே மாட்டினால் பொய் சொல்லும்.

அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு சொன்னீங்க. என் வண்டியில தகடு வெள்ளையா பொடிப்பொடியா உதிருதே?

அலுமினியத்துக்குச் செந்துரு கிடையாது, ஆனால் இரும்போடு தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அதுவும் அரிக்கும். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது, அதில் கரைவது அலுமினியம். இரும்பு மவுண்ட்டின் மேல் தொட்டித் தகடு நேராக உட்கார்ந்த இடங்களிலும் போல்ட்டைச் சுற்றியும்தான் அந்த வெள்ளைப் பொடி இருக்கும்.

திரும்ப மாட்டும்போது இரும்பை பிரைமர், பெயின்ட் அடித்து, நடுவே ரப்பர் அல்லது இதற்கென்றே விற்கும் டியூராலாக் பசை தடவி மாட்டுங்கள். வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வண்டி தயார். நம்பர் பிளேட் எதோடது போடணும், லேண்ட் ரோவரோடதா ரேஞ்ச் ரோவரோடதா?

பிரிட்டனில் பல ஆண்டுகள் இருந்த கணக்கைச் சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். வண்டியைப் பதிவு செய்யும் டிவிஎல்ஏ ஒவ்வொரு பாகத்துக்கும் புள்ளி வைத்திருந்தது. மாற்றம் செய்யாத அசல் சேஸிக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்ஸிலுக்கு 2, கியர் பாக்ஸ் பகுதிக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. ஒரு வண்டியின் எண்ணை வைத்துக்கொள்ள அந்த வண்டியிலிருந்து 8 புள்ளியாவது வர வேண்டும், அதில் சேஸி கட்டாயம். பாடிக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை.

அதாவது நீங்கள் கட்டியது, பார்ப்பதற்கு 1965 லேண்ட் ரோவர், சட்டத்தின் கண்ணில் வேறு பாடி போட்ட ரேஞ்ச் ரோவர். ரேஞ்ச் ரோவரின் எண்தான் அதற்கு. சேஸியை வெட்டியிருந்தால் அந்த 5 புள்ளியும் போய், ஐவிஏ என்ற தனி வண்டிச் சோதனையில் தேறி, கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண் வாங்க வேண்டியிருந்தது. சேஸியைக் குறைக்காதீர்கள் என்று முன்பு சொன்னதற்கும், மவுண்ட்டைப் போல்ட்டில் பிடியுங்கள் என்றதற்கும் இதுவும் காரணம்.

2025 ஆகஸ்டு 26 முதல் இந்த விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். பெரிய கட்டமைப்பு மாற்றம் செய்த வண்டியும் தன் அசல் எண்ணை வைத்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் படங்களோடு அவர்களுக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லுங்கள். சொல்லாத வண்டி விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மாதிரிதான்.

பழைய லேண்ட் ரோவர் புத்தகம் கையில இருக்கு. அதைப் போட்டா ரோடு வரி இல்ல, எம்ஓடியும் இல்லன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் ஏராளம். அந்தப் பழைய பதிவுப் புத்தகம் எந்தச் சேஸிக்கு உரியதோ அது துருவாகிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதன் பெயரில் வேறு சேஸியை ஓட்டுவது அடையாள மோசடி. இங்கே சந்தையில் அப்படிப்பட்ட வண்டிகள் இருக்கின்றன. பிடிபட்டால் இழப்பு கடைசியாக வாங்கியவருக்குத்தான்.

நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு வரிவிலக்கு உண்டு என்பது உண்மை. 2018 மே 20 முதல் எம்ஓடி விலக்கும் உண்டு, ஆனால் கடந்த 30 ஆண்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஹைப்ரிட்டுக்கு அந்த இரண்டாவது விலக்கை எதிர்பார்க்காதீர்கள். உண்மையில் வேண்டவும் வேண்டாம். கையால் கட்டிய வண்டியை வருடத்துக்கு ஒரு முறை வேறு ஒரு கண் பார்ப்பது நல்லது. வயதுக் கணக்கும் ரேஞ்ச் ரோவரின் வயதுதான், பாடியின் வயது கிடையாது.

யாரோ கட்டின ஹைப்ரிட் விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கறது?

முதலில் சேஸி எண். ரேஞ்ச் ரோவரில் அது வலது முன்பக்க நீள்சட்டத்தில் அடித்திருக்கும். பதிவுப் புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடம் புதிதாகப் பெயின்ட் பூசியோ தேய்த்தோ இருந்தால் கிளம்பிவிடுங்கள். புத்தகத்தில் 1960களின் லேண்ட் ரோவர் என்று போட்டு, கீழே குனிந்தால் சுருள் ஸ்ப்ரிங் தெரிந்தாலும் அப்படியே.

அடுத்து வீல்பேஸை டேப்பால் அளந்து பாருங்கள். 100 இன்ச் இல்லாமல் 88 வந்தால் சேஸி வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, யார் செய்தார்கள், சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கனமாகத் தாரையோ அடிப்பூச்சையோ அப்பியிருந்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கதவு இடைவெளி, ஸ்டியரிங் ஷாஃப்ட், பிரேக் குழாய் செல்லும் பாதை மூன்றையும் பாருங்கள். இவற்றைக் கவனமாகச் செய்தவர் மற்றதையும் கவனமாகச் செய்திருப்பார். மட்கார்டில் நெளிவு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இதையே நம்ம ஊர்ல செய்யலாமுங்களா? பழைய ஜீப் பாடி இருக்கு, பொலேரோ சேஸி இருக்கு.

செய்ய வேண்டாம். இரும்பு வேலையில் நம் ஊர்ப் பட்டறைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை, பிரச்சினை அதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைத் திட்டவட்டமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிரிட்டனில் இருப்பது போல, கட்டி முடித்து ஒரு சோதனையில் தேறிப் புது எண் வாங்கும் வழியைத் தனி ஆளுக்கு நம் ஊரில் எதிர்பார்க்க முடியாது.

பொலேரோ வீல்பேஸ் 2680 மி.மீ., பழைய சிஜே3பி ஜீப்போ 80 இன்ச், அதாவது 2032 மி.மீ. ஆக, சட்டம் விட்டாலும் மேலே சொன்ன 12 இன்ச் தலைவலி இங்கே 25 இன்ச்சுக்கு மேல்.

அப்போ என் தாத்தா காலத்து ஜீப்பை என்னதான் பண்றது?

அதை அதுவாகவே மீட்டெடுங்கள். 2021ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது, கண்காட்சி, பழுதுபார்ப்பு மாதிரியான காரணங்களுக்கு எடுக்கலாம். வேறு சேஸியில் ஏற்றிவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

சேஸியில் துரு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி அதே கனத் தகட்டில் அடைக்கலாம். முழுச் சேஸியும் போய்விட்டது என்றால் எதையும் தொடாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பழைய சேஸியை, முக்கியமாக எண் அடித்த துண்டை, பதில் வரும் வரை எடைக்குப் போடாதீர்கள்.

சரி, நான் இங்கிலாந்துலதான் இருக்கேன். கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன். முதல்ல பாடி வாங்கறதா, சேஸி வாங்கறதா?

சேஸி. அதையும் தனிச் சேஸியாக வாங்காமல், ஓடுகிற முழு டிஸ்கவரியாகவோ ரேஞ்ச் ரோவராகவோ, பதிவுப் புத்தகத்தோடு வாங்குங்கள். பாடி எவ்வளவு இற்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு கதவு ரேஞ்ச் ரோவர் கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள். இன்று அதற்குத் தனி மதிப்பு, மீட்டெடுப்பவர் ஒருவருக்கு விற்றுவிட்டு டிஸ்கவரி தேடுங்கள்.

வாங்கியதும் பிரிக்காமல் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். எஞ்சின் சூடாகிறதா, நாலாவது கியர் சத்தம் போடுகிறதா, பிரேக் ஒருபக்கம் இழுக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாடி இறங்கிய பிறகு இவற்றைக் கண்டுபிடிக்கவும் முடியாது, பாடி ஏறிய பிறகு சரிசெய்யக் கையும் போகாது. அந்தப் பட்டியலில் உள்ளதெல்லாம் வெறும் சேஸியாக நிற்கும்போதே முடிய வேண்டும். அதற்குள் 109 இன்ச் தொட்டி ஒன்றும், நேரான பல்க்ஹெட் ஒன்றும் எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும்.